இலாபமும் வேண்டும், கிணறும் வேண்டும்: யாழ்ப்பாணத்தில் புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு

எங்கள் ஊர் முதலாளிமார் கொடுக்காமல் இருந்ததில்லை. கோயிலில் ஒரு நாள் உபயம், தேருக்குத் தண்ணீர்ப் பந்தல், அன்னதானத்துக்கு நாலு மூட்டை அரிசி, படித்த பள்ளிக்கூடத்துக்கு ஒரு வகுப்பறை. இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் தொழிலில் சமூகப் பொறுப்பு என்று யாராவது சொன்னால், உழைத்த காசில் கொஞ்சம் கொடுப்பதைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். நானும் பல காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கோப்பாய்ப் பக்கம் பன்னிரண்டு வருடமாக ஒரு சிறு ஆலை நடத்துகிறேன். வறுத்த மிளகாய்த்தூள், அரிசிமா, ஒடியல்மா. ஏழு பேர் வேலை செய்கிறார்கள், அதில் ஐந்து பேர் பெண்கள். வந்த காசில் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைவிட அந்தக் காசு எந்த வழியால் வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று இந்தப் பன்னிரண்டு வருடத்தில் விளங்கிக்கொண்டேன். தண்ணீருக்கும் வேலையாளுக்கும் குப்பைக்கும் ஆகும் செலவை முதல் நாளிலேயே பொருளின் விலைக்குள் போட்டுவிடுங்கள். மிஞ்சினால் செய்வோம் என்று தள்ளிவைத்தால் அது ஒருநாளும் மிஞ்சாது.

முதலில் கிணறு

வாடகை, மெஷின், பெயர்ப்பலகை எல்லாம் பிறகு. எடுக்கப்போகும் வளவின் கிணற்றை முதலில் போய்ப் பாருங்கள். பக்கத்து வளவுக் கிணறுகள் எங்கே இருக்கின்றன என்றும் பாருங்கள்.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மழைக்கு மட்டும்தான் ஓடும். நாங்கள் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைநீர். ஐப்பசி கார்த்திகையில் அது நிரம்பும். அந்த நன்னீர் அடியிலிருக்கும் உப்புநீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. மோட்டார் போட்டு அளவுக்கு மிஞ்சி இழுத்தால் உப்பு மேலே ஏறும், ஏறினால் உங்கள் கிணற்றோடு நிற்காது. அதோடு இந்தக் கல்லில் வெடிப்புகள் அதிகம். மேலே ஊற்றுவது வடிபடாமல் நேரே கீழே போய்விடும். தோட்டத்துக்குப் போடும் உரமும் மலசலகூடக் குழிகளின் கழிவும் சேர்ந்து பல கிணறுகளில் நைத்திரேற்றைக் கூட்டியிருப்பது இந்த வழியால்தான்.

சுன்னாகத்தில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். கிணறுகளில் எண்ணெய் படர்ந்து, சனம் பவுசர் தண்ணீருக்குக் காத்து நின்றார்கள். அந்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் அங்கே மின் உற்பத்தி செய்த நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. பெரிய நிறுவனங்களின் கதை என்று நாங்கள் அதைத் தள்ளிவைத்துவிடுகிறோம். என் ஆலையில் நடந்ததையும் சொல்கிறேன்.

அரிசிமாவுக்கு அரிசியை ஊறவைத்துக் கழுவ வேண்டும். தொடங்கிய இரண்டாம் வருடம் ஓடர் கூடி, ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோ வரை ஊறப்போட்டோம். கழனித் தண்ணீரை வளவு மூலையில் வெட்டிய குழிக்குள் விட்டோம். கழனிதானே, அதில் என்ன நஞ்சா இருக்கிறது என்பது என் எண்ணம். மூன்று நாலு மாதம் போயிருக்கும். ஒரு காலையில் பக்கத்து வளவு ஆச்சி ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து, அதை என் மேசையில் பில் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தம்பி, இதை ஒருக்கா மணந்து பாருங்கோ."

புளித்த மாவின் மணம். ஆச்சி சத்தம் போடவில்லை. தான் கல்யாணம் முடித்து வந்த நாளிலிருந்து குடிக்கிற கிணறு அது என்று மட்டும் சொன்னார். எங்கள் குழிக்கும் அவர் கிணற்றுக்கும் இடையில் முப்பது முப்பத்தைந்து அடி இருக்கும். இடையில் வேலியும் ஒரு முருங்கையும்தான்.

அன்றைக்கே குழியை மூடினோம். ஆச்சியின் கிணற்றை எங்கள் செலவில் இறைத்துக் கலக்கினோம், இரண்டு மாதம் குடிதண்ணீர் வாங்கிக் கொடுத்தோம். அப்புறம் யோசித்தால், வழி எங்கள் அம்மா காலத்திலேயே இருந்தது. கழனியை மாட்டுக்குத்தான் வைப்பார்கள். இப்போது முதலாம் இரண்டாம் கழுவலை இரண்டு பெரிய பரலில் பிடிக்கிறோம். ஊரில் மாடு வளர்க்கும் இரண்டு வீட்டுக்காரர் பின்னேரம் வந்து எடுத்துப்போகிறார்கள். கடைசிக் கழுவல் ஒரு சீமெந்துத் தொட்டியில் அடைந்து, தெளிந்தது வாழைக்குப் போகிறது. தொட்டியும் குழாயும் பரலும் அன்று எனக்கு ஒன்றரை மாத இலாபத்தைத் தின்றன. தொடங்கும்போதே செய்திருந்தால் அதில் பாதிச் செலவில் முடிந்திருக்கும்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: வேலை தொடங்கு முன்பே உங்கள் கிணற்று நீரைச் சோதித்து, அறிக்கையை வைத்திருங்கள். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் விசாரியுங்கள். கிருமிச் சோதனைக்குக் கிருமிநீக்கிய போத்தல் தேவை, வீட்டுப் போத்தலில் கொண்டுபோகக் கூடாது. எடுத்த அன்றே குளிர்மையாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஈ. கோலி கிருமி இருக்கவே கூடாது. வருடத்தில் இரண்டு முறை, மழைக்கு முன் புரட்டாதியில் ஒன்று, மழைக்குப் பின் தையில் ஒன்று என்று செய்தால் உப்பும் கழிவும் எப்படி மாறுகின்றன என்று தெரியும். உங்கள் கழிவுநீர் எந்தக் குழாயால் போய் எங்கே முடிகிறது என்று ஒரு தாளில் கீறிப் பாருங்கள். கோடு மண்ணுக்குள் போய் மறைந்தால் அங்கேதான் பிரச்சினை. மலசலகூடத்துக்கு அடி திறந்த குழி வேண்டாம், சீமெந்து பூசி அடைத்த தொட்டி கட்டுங்கள்.

தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. ஒரு நாளைக்கு 24,000 கனமீற்றர் நீர் தரக்கூடியது. இனிக் குழாயில் தண்ணீர் வரும்தானே, கிணற்றுக்கு என்ன கவலை என்று சிலர் கேட்கிறார்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கத்தான். மிளகாயும் வெங்காயமும் புகையிலையும் இன்றும் கிணற்றில்தான் விளைகின்றன.

பதிவும் உரிமமும்

இதில் நீட்ட ஒன்றுமில்லை. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். உள்ளூராட்சி சபையில் வியாபார உரிமம் எடுங்கள். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் பல தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும். மாசு குறைந்த தொழில்களுக்கு அதை உள்ளூராட்சி சபையே தரும், மற்றவற்றுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபைக்குப் போக வேண்டும். நீங்கள் எந்தப் பட்டியலில் வருகிறீர்கள் என்று மெஷின் வாங்குவதற்கு முன் கேளுங்கள். உணவுப் பொருள் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நீங்களே முதலில் கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கள். கட்டி முடித்த பிறகு சுவரை உடைப்பதைவிட, கீறிய படத்தை அழிப்பது மலிவு.

தொழிலை எந்த வடிவில் பதிவது என்பதையும் யோசியுங்கள். தனியாள், பங்குடைமை, கம்பனி என்று மட்டும்தான் பலர் பார்க்கிறார்கள். கூட்டுறவும் ஒரு வழி, அதுவும் எங்கள் மண்ணில் நன்றாக வேரோடிய வழி. மூளாயில் ஊர்ச்சனம் கூட்டுறவாக ஒரு வைத்தியசாலையையே நடத்தியிருக்கிறார்கள். நாங்கள் கூட்டம் வைக்கிற வீரசிங்கம் மண்டபம் ஒரு கூட்டுறவுத் தலைவரின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. பத்துப் பெண்கள் சேர்ந்து பனங்கட்டியோ புழுக்கொடியலோ செய்யப்போகிறார்கள் என்றால், ஒருவர் முதலாளியாகி ஒன்பது பேர் கூலியாவதைவிடக் கூட்டுறவு பொருத்தமாக இருக்கலாம்.

விலைக் கணக்கை ஒளிக்காமல் போடுங்கள்

இந்தப் பகுதியைப் பேனையும் கொப்பியும் வைத்துக்கொண்டு வாசியுங்கள். விலைகள் மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால், கீழே உள்ள எண்களை விளங்குவதற்காக மட்டும் போட்டிருக்கிறேன்.

ஒரு கிலோ வறுத்த மிளகாய்த்தூள். செத்தல், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து 1,150 ரூபா. வறுக்க அரைக்க 120. கூலி 160. பொதி 60. ஏற்றிறக்க 40. கூட்டினால் 1,530. கடைக்கு 1,700க்குக் கொடுத்தால் 170 ரூபா மிச்சம் என்று புதிதாக வருபவர் சந்தோஷப்படுவார்.

இப்போது விட்டுப்போனவற்றைப் போடுவோம். அந்த 160 ரூபாக் கூலிக்கு முதலாளி பக்கத்திலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். அது 24 ரூபா. வேலை விட்டுப் போகும்போது கொடுக்க வேண்டிய பணிக்கொடைக்கு 7 ரூபா. தண்ணீர்ச் சோதனை, கழிவு, குப்பை அகற்ற 8 ரூபா. மெஷின் தேய்மானம், பாதுகாப்புச் சாமான், வாய்க்கும் மூக்குக்கும் கட்டும் முகக்கவசம் எல்லாம் 15 ரூபா. மொத்தம் 54. மிச்சம் 170 இல்லை, 116.

இந்த 54 ரூபாவைக் காணாதவர் என்ன செய்வார்? சந்தையில் போட்டிக்காரன் 1,600க்குப் போடுகிறான் என்றதும் தானும் 1,600க்கு இறங்குவார். இன்னும் எழுபது ரூபா கிடைக்கிறதே என்பது அவர் கணக்கு. உண்மையில் அவர் கையில் நிற்பது 16 ரூபா. அந்தப் பதினாறோடு ஒரு வருடம் ஓடிய பிறகு, சேமலாப நிதியைக் கட்டாமல் விடுவார், கழிவை இரவில் வேலிக்கு அப்பால் ஊற்றுவார். கெட்ட மனுசன் என்பதால் அப்படிச் செய்வதில்லை. விலையைப் பிழையாகப் போட்டுவிட்டார், இப்போது அதற்கு யாராவது ஈடு கட்ட வேண்டியிருக்கிறது.

1,600க்குப் போட்டியிட முடியாவிட்டால் வேறு வாடிக்கையாளரைத் தேடுங்கள். நாங்கள் சந்தைக்குப் போடுவதைக் குறைத்து, தரம் பார்த்து வாங்குகிற கடைகளையும் வெளிநாட்டுக்குப் பொதி அனுப்புகிற வீடுகளையும் பிடித்தோம். அதற்கு இரண்டு வருடம் எடுத்தது. அந்த இரண்டு வருடமும் சிறிதாக இருக்க நான் சம்மதித்தேன். வேகமாகப் பெருக வேண்டும் என்று கடனெடுத்து நிற்பவருக்கு இது முடியாது. ஆகவே முதல் இரண்டு வருடத்துக்கு லீசிங்கில் பெரிய மெஷின் எடுக்காதீர்கள். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவிலும் அந்த மாதத் தவணை வந்து குறுக்கே நிற்கும்.

வேலை செய்பவர்கள்

"அண்ணை, அந்த எட்டு வீதம் வெட்டாமல் முழுக் காசாத் தாங்கோவன்."

இதை எங்கள் ஆலையில் சேர்ந்த பலரும் கேட்டிருக்கிறார்கள். பல முதலாளிமார் இதைக் கேட்டதும், அவர்களே வேண்டாம் என்கிறார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட முடியாது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி நாட்கூலிக்கு வருபவருக்கும் சேமலாப நிதி உண்டு, ஒரே ஓர் ஆள் வேலை செய்தாலும் உண்டு. வேலையாள் 8, முதலாளி 12, கூட்டினால் 20 வீதம் அவர் பெயரில் சேரும். அதை அடுத்த மாதம் முடிவதற்குள் கட்ட வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம் வரும்.

வேண்டாம் என்று சொல்கிறவரோடு சட்டம் பேசாதீர்கள். அவருடைய சம்பளத்தைத் தாளில் எழுதி, பத்து வருடத்தில் அவர் பெயரில் எவ்வளவு சேரும் என்று போட்டுக் காட்டுங்கள். அந்த மீதியைப் பிணையாக வைத்து வீட்டுக்கடன் எடுக்கலாம் என்பதையும் சொல்லுங்கள். எங்களிடம் மா சலிக்கிற ஓர் அக்கா முதல் ஆறு மாதம் என்னோடு கோபம். பிறகு அவருக்கு வந்த கணக்குக் கூற்றைப் பொலித்தீன் உறையில் போட்டு, சாமித் தட்டில் வைத்திருப்பதாகச் சொன்னார். அவர் பெயரில் வந்த முதல் அரசாங்கக் கடிதம் அது.

பணிக்கொடைச் சட்டம் பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடங்களுக்குத்தான். ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். எங்களிடம் ஏழு பேர்தான், ஆனாலும் ஒதுக்குகிறேன். எட்டு வருடம் அடுப்படி வெக்கையில் நின்று மிளகாய் வறுத்தவரை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனம் வராது. குறைந்தபட்ச வேதனத்துக்கு 2016இலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. தொகை அவ்வப்போது கூட்டப்படுவதால், ஆள் எடுக்கும்போது தொழில் திணைக்களத்தில் அன்றைய தொகையைக் கேளுங்கள். அதைத் தொடக்கமாக வைத்து, அதற்கு மேலே போங்கள்.

சம்பளமும் நிதியும் தவிர வேறு சில விஷயங்களும் இருக்கின்றன. பெண்கள் வேலை செய்யும் இடத்தில் பூட்டக்கூடிய, தண்ணீர் உள்ள, குப்பைக்கூடை உள்ள மலசலகூடம் முதல் நாளே இருக்க வேண்டும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துத்தான் வேலை முடியும் நேரத்தை வைக்க வேண்டும். இங்கே பல வீடுகளில் குடும்பத்தைத் தனியே சுமப்பது பெண்தான், பலருக்குக் கிழமைக் கிழமை கட்டுகிற நுண்கடனும் இருக்கிறது. எங்கள் ஆலையில் சம்பளத்தை மாத முடிவிலிருந்து கிழமைக்கு மாற்றினோம், கடன்காரர் வரும் நாளுக்கு முதல் நாள் கையில் கிடைக்கிற மாதிரி. எனக்கு அதில் ஒரு சதமும் கூடச் செலவில்லை. ஆனால் முன்பு கட்டுக்காசு இல்லாத நாட்களில் வேலைக்கு வராமல் வீட்டில் ஒளிந்திருந்த இருவர் அப்புறம் ஒருநாளும் நிற்கவில்லை.

யாரிடம் வாங்குகிறீர்கள்

எங்கள் சந்தைகளில் நூறு கிலோ கொண்டுபோனால் பத்துக் கிலோவைக் கழிவு என்று கழித்து, தொண்ணூறுக்குக் காசு கொடுக்கிற வழக்கம் பலகாலமாக இருக்கிறது. கமக்காரர் அதற்கு எதிராகக் குரல் கொடுத்துக்கொண்டுதான் வருகிறார்கள். நீங்கள் தோட்டத்துக்கே போய் வாங்கினால் அந்தக் கழிவை விட்டுவிடுங்கள். ஈரமும் பழுதும் இருந்தால் கமக்காரரின் கண்முன்னே பிரித்து நிறுங்கள். நிறுத்த அன்றே காசு கொடுங்கள். விலையில் இரண்டு ரூபா கூடக் கொடுப்பதைவிட அன்றைக்கே கொடுப்பதை அவர்கள் பெரிதாக நினைப்பதை நான் பார்த்திருக்கிறேன். மிளகாய்க்குக் கடைசியாக எப்போது மருந்து அடித்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். முதலில் முகம் சுளிப்பார்கள். மூன்றாம் முறை தாங்களே சொல்வார்கள்.

பனங்கட்டி எடுப்பவர்கள் சீவல் தொழிலாளியின் உழைப்பை விலையில் காண வேண்டும். அந்த உயரத்துக்கு ஏறி இறங்கும் வேலைக்கு இளம் ஆட்கள் வருவதில்லை என்று எல்லாரும் கவலைப்படுகிறோம், விலையைக் கூட்டச் சொன்னால் மட்டும் பின்வாங்குகிறோம். பனங்கட்டியில் சீனி கலந்து மலிவாக வரும்போது அதை வாங்கினால், கருப்பநீர் காய்ச்சுகிறவரின் அடுப்பை அணைக்கிறீர்கள்.

கடல் வியாபாரத்தில் இறங்குபவர்களுக்கு இரண்டு சொல். சினை நண்டையும் சிறு நண்டையும் வாங்குவதில்லை என்று முதல் நாளே அறிவியுங்கள். வாங்குகிறவர் இருக்கும்வரை பிடிக்கிறவர் விடமாட்டார். அடியை வாரும் இழுவைமடித் தொழில் 2017இல் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. அப்படிப் பிடித்த மீனை மலிவு என்று எடுக்காதீர்கள்.

பொதி

எனக்கு இன்னும் முழு விடை கிடைக்காத இடம் இது. சாப்பாட்டுக் கடை என்றால் வழி கொஞ்சம் தெளிவு. பொலித்தீன் லஞ்ச் சீட் 2017இல் தடைசெய்யப்பட்டது. 2023 ஒக்டோபரிலிருந்து பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கோப்பை, கரண்டி, இடியப்பத் தட்டு எல்லாம் தடை. வாழையிலையும் ஓலைத்தட்டும் எங்களிடம் இருக்கின்றன. மிளகாய்த்தூள் அப்படியில்லை. மாரியில் கடதாசிப் பையில் போட்டால் பத்து நாளில் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். பழுதான உணவைக் கொட்டுவதும் வீண்தான். பனையோலைக் குட்டானில் போட்டுப் பார்த்தோம். அழகாக இருந்தது, பரிசாக வாங்கினார்கள். அன்றாடச் சமையலுக்கு வாங்குபவருக்கு அந்த விலை கட்டாது.

இப்போது நாங்கள் செய்வது: நூறு கிராம் பைகளை நிறுத்திவிட்டோம், அரைக் கிலோவும் ஒரு கிலோவும்தான். அதனாலேயே பிளாஸ்டிக் நிறையக் குறைந்தது. வீட்டிலிருந்து பேணி கொண்டு வந்தால் கிலோவுக்கு முப்பது ரூபா குறைத்துக் கொடுக்கிறோம். பின்னேரங்களில் எவர்சில்வர்ப் பேணியோடு வருகிற ஆட்களைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். கண்ணாடிப் போத்தலுக்கு வைப்புக் காசு வாங்கித் திருப்பிக் கொடுக்கிறோம், பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் திரும்பி வருகிறது. பை முழுதாக ஒழியவில்லை, அதை வாடிக்கையாளரிடம் மறைப்பதும் இல்லை. "இயற்கை", "பசுமை" என்று லேபிளில் அடிக்கச் சொல்லி அச்சகத்தில் கேட்டார்கள். பை பிளாஸ்டிக்காக இருக்கும்போது அந்தச் சொல்லை அதன்மேல் அடிக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். வளவைக் கூட்டி, சருகோடு சொப்பிங் பையையும் சேர்த்துக் கொளுத்துகிற பழக்கம் உங்கள் இடத்தில் கூடாது. சருகு வாழைக்கும் தென்னைக்கும் பசளை. பிளாஸ்டிக்கைத் தனியாகச் சேர்த்து எடுப்பவரிடம் கொடுங்கள். விறகடுப்பு வைத்திருந்தால் பனைமட்டையையும் பனங்கொட்டை ஊமலையும் பாருங்கள். ஒடியல் செய்கிற இடங்களில் ஊமல் குவிந்து கிடக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரும் காசு

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் அண்ணா, மாமா அனுப்பும் காசில்தான் இங்கே பல தொழில்கள் தொடங்குகின்றன. "ஊருக்கு ஏதாவது செய்" என்றுதான் அனுப்புவார்கள். அந்தக் காசு கடனா, பங்கா, நன்கொடையா என்று யாரும் பேசுவதில்லை, உறவுக்குள் எப்படிக் கேட்பது என்று கூச்சம். இரண்டு வருடம் கழித்து ஒருவர் இலாபத்தில் பங்கு எதிர்பார்ப்பார், மற்றவர் அது தர்மக் காசு என்று நினைத்துச் செலவழித்திருப்பார். குடும்பம் பிரிகிறது, தொழிலும் படுக்கிறது, வேலை செய்தவர்கள் தெருவில். காசு வாங்கும் முன் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இலாபம் எப்போது, எவ்வளவு, ஊருக்கு என்று ஒதுக்குவது எத்தனை வீதம், நட்டம் வந்தால் யார் தாங்குவது. அன்புள்ளவர்கள் இதற்குக் கோபிக்க மாட்டார்கள்.

கொடுப்பது

கொடுங்கள், நானும் கொடுக்கிறேன். ஆனால் அது முதலாளியின் பங்கிலிருந்து போக வேண்டும், கொப்பியில் தனிப் பக்கத்தில் எழுதப்பட வேண்டும். சேமலாப நிதியில் மூன்று மாதம் நிலுவை வைத்துக்கொண்டு திருவிழா உபயம் செய்தால், அந்த உபயத்தைச் செய்தவர்கள் உண்மையில் உங்கள் வேலையாட்கள்.

இன்னொன்று. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கொப்பியும் பையும் கொடுத்து, நிறுவனப் பதாகைக்கு முன் படம் எடுத்துப் போடாதீர்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு வளர்ந்து உங்களிடமே வேலைக்கு வரும். அதன் பத்து வயது முகம் உங்கள் விளம்பரத்தில் இருக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் அதிபரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள், போதும்.

கெட்ட மாதம்

நல்ல மாதத்தில் எல்லாருக்கும் மனம் நல்லதுதான். 2022ஐ நினைத்துப் பாருங்கள். நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கறண்ட் இல்லை, காஸ் இல்லை, டீசலுக்கு இரவிரவாக வரிசை. செத்தல் விலை எங்கேயோ போய்விட்டது. ஆலை கிழமையில் மூன்று நாள்தான் ஓடியது. எதை வெட்டுவது என்று யோசிக்கும்போது பயத்தில் கை முதலில் கூலிப் பக்கம்தான் போகிறது, ஏனென்றால் அதுதான் பெரிய எண், எதிர்த்துப் பேசாத எண்.

அந்த நேரத்தில் எனக்கு உதவியது, நல்ல காலத்தில் எழுதி வைத்த ஒரு வரிசை. காசு முடை வந்தால் முதலில் நிற்பது என்னுடைய மாத எடுப்பு. அடுத்து விளம்பரம். அடுத்து விற்பனை குறைந்த பொருட்கள். அதற்கு அடுத்துப் புதிய மெஷின், பழுது அவசரமில்லை என்றால். ஆட்களின் நாட்கள் கடைசி. அதிலும் ஒருவரை நிறுத்துவதற்கு முன் எல்லாருக்கும் ஒரு நாளைக் குறைப்பது. ஒடியல்மாவைத்தவிர மற்ற எல்லாவற்றையும் குறைத்தோம், நான் ஐந்து மாதம் காசு எடுக்கவில்லை, மனைவியின் சம்பளத்தில் வீடு ஓடியது. ஆட்களிடம் கணக்குக் கொப்பியைத் திறந்து காட்டினேன். ஒரு தம்பி மட்டும் வெளிநாடு போகவென்று விலகினார். மற்ற ஆறு பேரும் இன்றும் இருக்கிறார்கள். கறண்ட் திரும்பி வந்த கிழமையே முழு வேகத்தில் ஓட எங்களால் முடிந்தது, பழகிய கை எல்லாம் அங்கேயே இருந்தது.

உங்கள் வரிசையை இப்போதே எழுதுங்கள். எழுதியதை வீட்டில் ஒருவருக்கும் வேலையாட்களில் ஒருவருக்கும் காட்டுங்கள். காட்டிய பிறகு மாற்றுவது கஷ்டம், அதற்காகத்தான் காட்டச் சொல்கிறேன்.

வருட முடிவில் ஒரு பக்கம்

பெரிய கம்பனிகள் நூறு பக்கத்தில் நிலைபேறு அறிக்கை போடுகின்றன. உங்களுக்கு ஒரு பக்கம் போதும். எத்தனை யூனிட் கறண்ட், எத்தனை கிலோ பொருளுக்கு. மோட்டார் எத்தனை மணித்தியாலம் ஓடியது. இரண்டு தண்ணீர் அறிக்கைகளின் எண்கள். எத்தனை கிலோ பொதி வாங்கினோம், எத்தனை திரும்பி வந்தது. சம்பளம் எத்தனை முறை பிந்தியது. யாருக்கு என்ன காயம். அயலிலிருந்து வந்த முறைப்பாடு என்ன, அதற்கு என்ன செய்தோம். கடைசியில் இலாபம். கொழும்பில் பெரிய கடைகளுக்கோ ஏற்றுமதிக்கோ போகும்போது இந்தக் கேள்விகளைத்தான் நீளமான படிவத்தில் கேட்பார்கள், அப்போது உங்களிடம் விடை தயாராக இருக்கும். ஆனால் அதற்கு முன் அந்தப் பக்கத்தை ஆலையில் எல்லாரும் இருக்கும்போது சத்தமாக வாசியுங்கள். எங்கள் ஆலையில் தைப்பொங்கலுக்கு அடுத்த வேலை நாளில் வாசிப்போம், சம்பளம் பிந்திய மாதத்தை நான் மறந்தாலும் அவர்கள் ஞாபகப்படுத்துவார்கள்.

தண்ணீர் அறிக்கையில் எப்போதும் ஒரு பிரதி கூட எடுப்பேன். அது பக்கத்து வளவுக்குப் போகிறது. ஆச்சிக்கு இப்போது கண் மங்கல், பேத்திதான் வாசித்துச் சொல்வாள். போன தை மாதம் நைத்திரேற்று எண்ணைக் கேட்டுவிட்டு, "போன முறையைவிடக் கூடிப்போச்சோ தம்பி?" என்றார். கூடித்தான் இருந்தது, கொஞ்சம். வாழைக்குப் போகிற தண்ணீரை இன்னும் தள்ளிக் கொண்டுபோகக் குழாய் போடுகிறோம்.